வழுவும் அமைதியும்: சாந்தி சௌந்தரராஜனின் ஓட்டத்தை முன்வைத்து

விளையாட்டுக்கு ‘விதி’ என்கிறோம். மொழிக்கு ‘இலக்கணம்’ என்கிறோம். இரண்டுக்கும் ஒரே வேலைதான். எது உள்ளே, எது வெளியே என்று பிரித்துக் காட்டுவது. விதி என்ற சொல்லுக்குத் தலையெழுத்து என்றும் தமிழில் பொருள் உண்டு. ‘பால்’ என்ற சொல்லும் அப்படியே: பிரிவு, பகுதி என்பது ஒரு பொருள், ஊழ் என்பது இன்னொன்று, ஆண்பால், பெண்பால் என்பது இலக்கணக்காரர்கள் அதற்குக் கொடுத்த உத்தியோகம். இந்தப் பொருள்கள் எல்லாம் ஒரே வாரத்தில் ஒரு பெண்ணின் தலைமேல் வந்து விழுந்த கதை நம் கண்ணெதிரே நடந்திருக்கிறது. அதைப் பற்றி எழுதப்பட்டவை அநேகமாக இரண்டு வகை. ஒன்று அனுதாபம், இன்னொன்று உயிரியல் பாடம். இரண்டிலும் விடுபட்டுப்போன ஒன்றைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

2006 டிசம்பர், கத்தார் நாட்டின் தோஹா. ஆசிய விளையாட்டுப் போட்டியில் பெண்கள் 800 மீட்டர் இறுதி ஓட்டம். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி இரண்டாவதாக வந்தார். முதலில் வந்தவர் பஹ்ரைனுக்காக ஓடிய மரியம் யூசுஃப் ஜமால். மூன்றாவது கசாக்ஸ்தானின் விக்டோரியா யலோவ்ட்சேவா. சாந்திக்கும் அவருக்கும் இடையே நூறில் மூன்று விநாடி. சாந்தியின் பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள், தலித் குடும்பம். ஓடக் கற்றுக்கொடுத்தவர் தாத்தா. அதற்கு முந்தைய வருடம், 2005-ல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியிலும் இதே தூரத்தில் வெள்ளி வாங்கியவர். அதாவது திடீரென்று எங்கிருந்தோ வந்து குதித்தவர் இல்லை. இரண்டு வருடமாக எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டிருந்தவர்.

ஓட்டம் முடிந்தபிறகு பால் பரிசோதனை. தேறவில்லை என்று சில நாட்களில் செய்தி. பதக்கம் பறிக்கப்பட்டது. தனக்கு நேர்ந்ததைத் தான் செய்தி வழியாகத் தெரிந்துகொண்டதாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கருணாநிதி தலைமையில் இருந்த அன்றைய தமிழக அரசு, அறிவித்திருந்த 15 லட்சம் ரூபாயைப் பிடித்துவைத்துக்கொள்ளாமல் அவருக்கே கொடுத்தது. அதைக் குறிப்பிட்டாக வேண்டும். 2007-ல் அவர் தற்கொலைக்கு முயன்று பிழைத்தார். 2012-ல் அவர் சூளையில் நாள்கூலிக்கு வேலை பார்க்கிற செய்தி வெளியானது. பிறகு பெங்களூரில் பயிற்சியாளர் பட்டயப் படிப்பு. 2016-ல்தான் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளராக நிரந்தர வேலை.

பரிசோதனையில் என்ன கண்டார்கள் என்று பத்திரிகைகள் அப்போதும் எழுதின, பின்னாலும் எழுதின. நான் எழுதப்போவதில்லை. அடுத்தவருடைய மருத்துவச் சீட்டைச் சபையில் வாசித்துக் காட்டிவிட்டு அதிகாரத்தை விமர்சிக்கிறேன் என்று சொல்வது அபத்தம். இந்தக் கட்டுரைக்கு அது தேவையும் இல்லை. சாந்தி திருநங்கை என்று இன்றைக்கும் சிலர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். பெண்ணாகப் பிறந்து, பெண் என்று பெயரெழுதி, பெண்ணாகவே வளர்ந்து ஓடியவர் அவர்.

800 மீட்டர் என்ற தூரத்துக்கே ஒரு பூர்வ கதை இருக்கிறது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பெண்களை 800 மீட்டர் ஓட விட்டார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் வென்றார். ஓடி முடித்த பெண்கள் மூச்சிரைத்துத் தரையில் சாய்ந்ததைப் பார்த்து ஐரோப்பியப் பத்திரிகைகள் அலறின: இது பெண் உடம்புக்கு ஆகாத தூரம். அவ்வளவுதான், அந்த ஓட்டத்தை எடுத்துவிட்டார்கள். 1960-ல் ரோம் ஒலிம்பிக் வரைக்கும் 32 வருடம் பெண்களுக்கு 800 மீட்டர் கிடையாது. ஓடி முடித்த ஆண் தரையில் விழுந்தால் வீரம். பெண் விழுந்தால் இயற்கைக்கு விரோதம். பிறகு காலம் மாறியது. இப்போது விழாமல் நிற்கிறவள்மேல் சந்தேகம். களைத்து விழுந்தால் பெண் ஓடத் தகுதியில்லை, களைக்காமல் ஓடினால் இவள் பெண்தானா! இரண்டு நிலைப்பாடுமே ‘பெண் உடம்பு இவ்வளவுதான்’ என்ற ஒரே எடுகோளிலிருந்து பிறந்தவை.

சந்தேகத்துக்கு ஒரு நிறுவன வரலாறும் உண்டு. 1966-ல் புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பியத் தடகளப் போட்டியில் வீராங்கனைகளை மருத்துவர்கள் முன்னால் நிர்வாணமாக நிறுத்திப் பார்த்தார்கள். அதன்மேல் வந்த எரிச்சலில், ‘அறிவியல் முறை’ என்று 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கிலிருந்து கன்னத்தின் உட்புறம் வழித்தெடுத்துக் குரோமோசோம் பார்க்கும் சோதனை வந்தது. தேறியவர்களுக்குப் பெண் என்று ஒரு சான்றிதழ். 1985-ல் ஜப்பானின் கோபே நகரில் ஸ்பெயின் நாட்டுத் தடையோட்டக்காரி மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டினோ இதில் சிக்கினார். மூன்று வருடம் போராடி 1988-ல் மீண்டும் ஓடும் உரிமையைப் பெற்றார். சோதனையை வடிவமைத்த துறையைச் சேர்ந்த மரபியலாளர்களே, இது ஏமாற்றுக்காரரைப் பிடிக்காது, பிறவியிலேயே வேறு மாதிரி அமைந்த பெண்களைத்தான் பிடிக்கும் என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். சர்வதேசத் தடகளச் சம்மேளனம் 1992-ல் எல்லோருக்குமான சோதனையைக் கைவிட்டது. ஒலிம்பிக் குழு 1999-ல்.

கைவிடுவதற்குச் சற்று முன் நடந்த ஒரு விஷயம் முக்கியம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3,387 பெண்களைச் சோதித்தார்கள். 8 பேருக்கு முடிவு ‘சரியில்லை’. மேற்கொண்டு பரிசீலித்துவிட்டு 8 பேரையும் விளையாட அனுமதித்தார்கள். யார் அந்த எட்டுப் பேர்? இன்றுவரை உலகத்துக்குத் தெரியாது. பெயர் வெளியே வரவில்லை. யார் வீட்டு வாசலிலும் காமிரா போய் நிற்கவில்லை. பத்து வருடம் கழித்துத் தோஹாவில் ஒருத்தருக்குச் சோதனை. அவர் பெயர், ஊர், அப்பா அம்மா தொழில், சாதி எல்லாம் ஒரு வாரத்துக்குள் உலகத்துக்குத் தெரிந்துவிட்டது.

நம்முடைய பிரச்சினையே இந்த வேறுபாடுதான். அதற்குப் பெயர் வைக்க எனக்குத் தெரிந்த சொற்கள் இலக்கணச் சொற்கள்தான். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு அதை விட்டால் வேறு கதி இல்லை.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தைத் திணையிலும் பாலிலும்தான் தொடங்குகிறார். மக்கள் உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை. உயர்திணைக்குள் ஆண், பெண், பலர் என்று மூன்று பால். பிரித்த கையோடு, நான்காவது சூத்திரத்திலேயே அந்தப் பிரிவுக்குள் அடங்காத ஒன்றைப் பேச வேண்டிய கட்டாயம் அவருக்கு வந்துவிடுகிறது. ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயரும் தெய்வத்தைக் குறிக்கும் பெயரும் தமக்கென்று தனியான பால் ஈறு இல்லாதவை, உயர்திணைக்கு உரிய ஈறுகளையே கொள்ளும் என்கிறார். கொஞ்சம் தள்ளி, அந்தப் பெயர் ஆண்பால் முடிபை ஏற்காது என்றும் சொல்கிறார். தனி ஈறு இல்லை என்றதும் வெளியே தள்ளிவிடவில்லை. உயர்திணைக்குள் வைத்துத்தான் வழி தேடுகிறார்.

இதை வைத்து ‘பார்த்தீர்களா, நம் முன்னோர் அன்றே சொன்னார்கள்’ என்று மார்தட்டக் கிளம்புகிறவர்களுக்காக நன்னூலையும் சேர்த்தே படிக்க வேண்டும். பவணந்தி முனிவர், பெண்மையை விட்டு ஆண்மையை விரும்பினால் ஆண்பால், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்பினால் பெண்பால் என்று விருப்பத்தை அளவுகோலாக வைக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டுக்கு இது அபாரம்தான். ஆனால் அதே மூச்சில் இரண்டும் அஃறிணை போலவும் வரும் என்று ஒரு கதவைத் திறந்துவிடுகிறார். ‘அது’ என்று சொல்லிவிட்டுப் போகிற நம்முடைய தெருப் பேச்சுக்கு அந்தக் கதவு இன்றுவரை திறந்தே கிடக்கிறது.

ஈறுகளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வழுவமைதி. விதிப்படி அமைந்தால் வழாநிலை. விதி தவறினால் வழு. தவறினாலும் காரணம் பற்றி ஏற்றுக்கொண்டால் வழுவமைதி. பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்று சொன்னால் திணை வழு. பிரியத்தில் சொன்னது என்பதால் அமைதி. மகனை ‘வாடி ராசாத்தி’ என்று கொஞ்சினால் பால் வழு, அதுவும் அமைதி. விதி எழுதியவனே, விதி தவறும் இடங்களையும் அதே நூலில் உட்காரவைத்திருக்கிறான். அட்லாண்டாவில் எட்டுப் பேருக்கு நடந்தது வழுவமைதி. தோஹாவில் வெறும் வழு.

ஆனால் நன்னூல் சொல்லும் காரணங்களைக் கவனியுங்கள். மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு ஆகியவற்றோடு கோபத்தையும் இழிவையும் சேர்த்தே சொல்கிறார். திட்டும்போதும் திணை பால் மாறலாம்! இந்த ஐந்தும் யாருடையவை? பேசுகிறவருடையவை. பசு, தான் உயர்திணை என்று விண்ணப்பம் போடவில்லை. வழுவமைதி பேசுபவர் தருவது. பேசப்படும் சொல்லுக்கு அதில் வாய் கிடையாது. சாந்தியின் விஷயத்தில் சம்மேளனம் பேசியது, ஒலிம்பிக் சங்கம் பேசியது, டாக்டர்கள் பேசினார்கள், தினசரிகள் பேசின, அனுதாபிகளும் பேசினோம். அவர் அந்த வாக்கியத்தில் ஒரு சொல்லாக மட்டும் இருந்தார். இரக்கப்பட்டுப் பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தாலும் இந்த நிலை மாறியிருக்காது என்பது என் எண்ணம். பேசுகிறவர் மனம் இளகியிருப்பார், அவ்வளவுதான்.

இங்கே ஓர் எதிர்க்கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. ‘அப்படியானால் பெண்கள் பிரிவு என்று எதற்கு? கோடு வேண்டாமா?’ வேண்டும். ஓட்டத்தில் உயர்மட்டத்தில் ஆண் பெண் இடையே பத்து சதவீதத்தை ஒட்டிய வித்தியாசம் இருக்கிறது. அந்தப் பிரிவு இல்லாவிட்டால் எந்தப் பெண்ணும் இறுதிச் சுற்றில் நிற்க முடியாது. எல்லாக் கோடுகளும் கற்பிதம், எல்லாவற்றையும் கட்டுடைத்துவிடலாம் என்று சுலபமாக எழுதிவிடலாம். மைதானத்தில் அது செல்லாது. நூறில் மூன்று விநாடியில் பின்தங்கிய யலோவ்ட்சேவாவுக்கும் ஒரு நியாயம் உண்டு. என்னோடு ஓடியவர் எந்த விதிப்படி ஓடினார் என்று கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. அதே கேள்வியைச் சாந்தியும் கேட்கலாம் இல்லையா? எந்த விதிப்படி என்னை நீக்கினீர்கள்?

இதற்கான பதில்தான் திகைக்க வைக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் அளவு இத்தனைக்குள் இருக்க வேண்டும் என்ற விதியைச் சம்மேளனம் கொண்டுவந்தது 2011-ல். ஒரு லிட்டருக்கு 10 நானோமோல் என்றார்கள். 2018-ல் 400 மீட்டரிலிருந்து ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்கு 5 என்றார்கள். 2023-ல் எல்லாப் போட்டிக்கும் 2.5. 2006-ல் இப்படி எந்த எண்ணும் கிடையாது. யாராவது சந்தேகப்பட்டால் சோதிக்கலாம், நிபுணர் குழு பார்க்கும் என்பதுதான் அப்போதைய நடைமுறை. குரல் எப்படி, மார்பு எப்படி, தோள் எப்படி என்று யாருடைய கண்ணோ பார்த்திருக்கிறது. அந்தக் கண்ணுக்குப் பெண் என்றால் என்ன உருவம் பழக்கம் என்பதும், சூளையில் கல் சுமந்து வளர்ந்த உடம்பு அதற்கு எப்படித் தெரிந்திருக்கும் என்பதும் ஊகிக்கக் கடினமானவை அல்ல. இன்னொன்று: 800 மீட்டரில் பெண்களுக்கான உலக சாதனை 1983-ல் யார்மிலா கிராட்டோச்விலோவா ஓடிய 1 நிமிடம் 53.28 விநாடி. சாந்தி அதைவிடப் பத்து விநாடி பின்னால். இதனால் அவருக்கு அனுகூலம் இல்லை என்று நிரூபணமாகிவிடாது. ஆனால் அனுகூலம் இருந்தது என்பதும் யாரும் நிரூபித்த விஷயம் அல்ல. பிறவி அனுகூலமே தப்பு என்றால், 1960-களில் பனிச்சறுக்கில் ஏழு ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய பின்லாந்தின் ஏரோ மாண்டிராண்டாவையும் கேட்க வேண்டும். ரத்தச் சிவப்பணு சராசரி மனிதரைவிட மிக அதிகமாக ஊறும் மரபணு மாற்றம் அவர் குடும்பத்துக்கே உண்டு என்று 1990-களில் கண்டுபிடித்தார்கள். ஒரு பதக்கமும் திரும்பிப் போகவில்லை. ‘சிவப்பணுப் பிரிவு’ என்று ஒன்று இல்லையே, பெண்கள் பிரிவுதானே இருக்கிறது என்பார்கள். சரிதான். ஆனால் எந்த வேறுபாட்டை அதிசயம் என்பது, எதை மோசடி என்பது என்ற முடிவு பிரிவுகளை உண்டாக்கும்போதே எடுக்கப்பட்டுவிடுகிறது.

எங்கள் காரைக்காலில் ஒரு பெண்ணுக்குக் கோயில் இருக்கிறது. சோதனைக்கு ஆளான பெண்தான் அவளும். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடியிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள். கீழே கூட்டம் முட்டி மோதிப் பிடிக்கும். அந்த நெரிசலில் பழத்தின் கதை மறந்துபோகும். சேக்கிழார் சொல்லும் கதையில் இரண்டாவது பழம் எங்கிருந்து வந்தது என்று பரமதத்தன் கேட்கிறான். புனிதவதி உள்ளதைச் சொல்கிறாள். அவன் நம்பவில்லை, அப்படியானால் இன்னொன்று வரவழைத்துக் காட்டு என்கிறான். அதுதான் சோதனை. அவள் தேறுகிறாள். தேறியதுதான் வினை. பழம் கையில் வந்து மறைந்ததும் அவன் பயந்துபோகிறான். இவள் மானுடப் பெண் இல்லை என்று முடிவுகட்டுகிறான். முடிவை அவளிடம் சொல்வதில்லை. கப்பலேறிப் போய்ப் பாண்டிய நாட்டில் வேறு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்று பெயரும் வைக்கிறான். அவளுக்கு விஷயம் தெரிவது சுற்றத்தார் முன்னிலையில், அவன் தன் காலில் விழும்போது. இவனுக்காகத் தாங்கிய தசை கழியட்டும் என்று கேட்டு அவள் பேய் வடிவம் கொள்கிறாள்.

பெண் உடம்பைத் துறந்தாள் என்று பக்தியாகவும், பெண்மை என்ற கற்பிதத்தை உதறினாள் என்று பெண்ணியமாகவும் இதைப் படித்திருக்கிறோம். ‘துறந்தாள்’ என்ற சொல்லிலேயே ஒரு மறைப்பு இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். அதற்கு முன்பே அவள் பெண் இல்லை என்று வேறொருவன் தீர்ப்பு எழுதி, ஊர் அறிய வாசித்தாகிவிட்டது. மிச்சமிருந்தது அந்தத் தீர்ப்பைத் தன் வாயால் தன்னுடையதாக ஆக்கிக்கொள்வது மட்டுமே. அதைச் செய்ய அவளுக்கு வாய் இருந்தது. கயிலையில் அம்மையே என்று கூப்பிடவும் ஒருவர் இருந்தார். ஒப்புமையை இதற்குமேல் இழுத்தால் அறுந்துவிடும். புனிதவதியை மேலே தூக்கி வெளியேற்றினார்கள், சாந்தியைக் கீழே தள்ளி. முடிவு வந்து சேர்ந்த வழி மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்: சம்பந்தப்பட்டவளைத் தவிர மற்ற எல்லோருக்கும் முதலில்.

உடம்பு பேசாத இடத்தில் காகிதம் பேசும். காரைக்கால்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1881-ல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது: தன் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறப்பதாக எழுதிக் கொடுத்து, குடும்பப் பெயர் ஒன்றைப் பதிந்துகொண்டால் பிரெஞ்சு உரிமைச் சட்டத்துக்குள் வரலாம். எழுதிக் கொடுத்தவர்கள் ‘ரெனோன்சான்’ ஆனார்கள். ஒரே தெருவில் ஒரு வீடு பிரெஞ்சுச் சட்டம், பக்கத்து வீடு இந்துச் சட்டம். 1962 ஆகஸ்ட் 16-ல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்கலாம் என்றார்கள். எழுதிக் கொடுத்த சொல்தா வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு இன்றைக்கும் பாரிசுக்குப் போக வழியிருக்கிறது. அன்றைக்கு ‘நமக்கெதுக்குப்பா அது’ன்னு சும்மா இருந்தவர் பேரன் விசாவுக்கு வரிசையில் நிற்கிறான். யாருடைய ரத்தத்தையும் எடுத்துப் பார்க்கவில்லை. கையெழுத்தைத்தான் பார்த்தார்கள்.

தோஹாவின் அதே ஓட்டத்தில் இதுவும் இருந்தது. தங்கம் வாங்கிய மரியம் யூசுஃப் ஜமால் எத்தியோப்பியாவில் பிறந்தவர்; அங்கே அவர் பெயர் வேறு. நாட்டை மாற்றி, பெயரை மாற்றி பஹ்ரைனுக்காக ஓடினார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பிழைக்க வழி தேடிய ஓட்டக்காரி அவரும். ஆனால் காகிதத்தில் நடந்த அந்த மாற்றத்துக்கு விதியில் இடம் இருந்தது, படிவம் இருந்தது, காத்திருப்புக் காலம் இருந்தது. வழுவமைதிக்கு எல்லா ஏற்பாடும் இருந்தது. நம்ம பக்கத்திலும் பார்த்தோம்: 2018-ல் புதுச்சேரி ரஞ்சிக் கோப்பைக்குள் நுழைந்தபோது, அணியில் வெளி மாநில ஆட்டக்காரர்களின் தகுதி பற்றி முதல் பருவத்திலேயே தகராறு கிளம்பியது. உள்ளூர்ப் பையன்களுக்கு இடம் இல்லையே என்ற வயிற்றெரிச்சல் இங்கே இன்னும் அடங்கவில்லை. எனினும் அதெல்லாம் பேசித் தீர்க்கிற, மனு போடுகிற, திருத்திக்கொள்கிற தகராறு. யாரும் அதனால் ஊரில் தலைகாட்ட முடியாமல் போகவில்லை.

பூக்கோ பெயரைச் சொல்லாமல் இந்த மாதிரிப் பத்திரிகையில் கட்டுரை முடியாது என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். இந்த இடத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும். எர்க்யுலின் பர்பேன் என்ற பிரெஞ்சுப் பள்ளி ஆசிரியையின் நினைவுக் குறிப்புகளை அவர் 1978-ல் வெளியிட்டார். பெண்ணாகப் பதிந்து, பெண்ணாக வளர்ந்தவரை 1860-ல் டாக்டர்கள் சோதித்தார்கள். நீதிமன்றம் ‘எதா சிவில்’ பதிவேட்டில் ஆண் என்று திருத்தியது. 1868-ல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அதே மாதிரிப் பதிவேடுதான் காரைக்காலிலும் பிறப்பு, திருமணம், இறப்புக்கு இருந்தது. அதில் ஒரு வரி என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியாததல்ல. பூக்கோவின் அக்கறை, ஒருவருக்கு ‘உண்மையான பால்’ ஒன்றே ஒன்று இருந்தாக வேண்டும் என்று நவீன மருத்துவமும் சட்டமும் சேர்ந்து பிடிக்கும் பிடிவாதத்தின் மேல். என்னுடைய அக்கறை அதைவிடச் சின்னது. பதிவேட்டைத் திருத்துமுன் அவரைக் கூப்பிட்டு ‘நீ என்ன சொல்கிறாய்’ என்று யாராவது கேட்டார்களா?

கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஒடிசாவின் துத்தி சந்த் உதாரணம். 2014-ல் காமன்வெல்த் போட்டிக்குக் கிளம்பும் நேரத்தில் அவரை நிறுத்தினார்கள். சாந்திக்கு நடந்தது அதற்குள் எல்லோருக்கும் பாடமாகியிருந்தது. துத்திக்கு ஆலோசகர்கள் இருந்தார்கள், வழக்கறிஞர்கள் இருந்தார்கள், இந்திய விளையாட்டு ஆணையம் துணை நின்றது. விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்குப் போனார். 2015 ஜூலையில் அந்த நீதிமன்றம், அனுகூலம் எவ்வளவு என்பதற்குச் சம்மேளனம் போதிய ஆதாரம் காட்டவில்லை என்று அந்த விதியையே நிறுத்திவைத்தது. 2018 ஆசியப் போட்டியில் துத்தி 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளி வாங்கினார். துத்தி அந்த வாக்கியத்தில் எழுவாயாக நின்றார். ஒரே நாடு, எட்டு வருட இடைவெளி. அந்த எட்டு வருடத்தின் விலையைக் கொடுத்தவர் கத்தக்குறிச்சியில் இருந்தார்.

தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவை 2009 பெர்லினில் சந்தேகப்பட்டபோது அவர் அரசாங்கமே சண்டைக்கு நின்றது. தங்கம் அவரிடமே இருந்தது. 2018 விதியை எதிர்த்து அவர் போட்ட வழக்கு 2019-ல் நடுவர் நீதிமன்றத்தில் தோற்றது. கடைசியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரவை 2025 ஜூலை 10-ல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு செமன்யாவின் உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விதி சரியா தப்பா என்றும் சொல்லவில்லை. சுவிட்சர்லாந்து நீதிமன்றம் அவர் முறையீட்டைப் போதிய கண்டிப்போடு பரிசீலிக்கவில்லை, நியாயமான விசாரணைக்கான அவர் உரிமை மீறப்பட்டது என்றது. ‘இவ்வளவு கத்தியும் இதுதானா’ என்று பலருக்கு ஏமாற்றம். எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. பதினாறு வருடம் உலகமே அவர் உடம்பைப் பேசியபின், ஒரு நீதிமன்றம் அவர் பேச்சைப் பற்றிப் பேசியது.

நம் பக்கத்திலும் ஒன்று நடந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில், இடைப்பால் குழந்தைகளுக்கு ஆண் அல்லது பெண் என்று ‘சரிசெய்யும்’ அறுவை கூடாது என்றது; அதே வருடம் தமிழக அரசு அதைத் தடைசெய்து ஆணை போட்டது. கத்தி வைக்குமுன் அந்தக் குழந்தை வளர்ந்து தானே சொல்லட்டும் என்பதுதான் அதன் சாரம்.

மைதானத்திலோ காற்று வேறு பக்கம் வீசுகிறது. 2025 செப்டம்பர் 1 முதல், உலகப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட வேண்டுமானால் எஸ்.ஆர்.ஒய். மரபணு சோதனை ஒருமுறை செய்தாக வேண்டும் என்று உலகத் தடகள அமைப்பு விதி கொண்டுவந்து, அந்த மாதம் டோக்கியோவில் நடந்த உலகத் தடகளப் போட்டியிலேயே அமல்படுத்தியது. கன்னத்தை வழித்து எடுக்கலாம், அல்லது ரத்தம். 1968-ல் தொடங்கி 1990-களில் உதவாது என்று தூக்கிப்போட்ட முறையின் புதுப்பதிப்பு. எல்லோருக்கும் சோதனை என்பதால் சந்தேகக் கண்ணுக்கு வேலையில்லை என்று ஆதரிப்பவர்கள் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. சாந்தியை நிறுத்திய கண்ணுக்கு இதில் இடம் குறைவுதான். கோடு எங்கே என்பதும் முன்கூட்டியே தெரிகிறது. ஆனால் அட்லாண்டாவின் எட்டுப் பேரைப்போல 3,387-ல் சிலர் எப்போதும் இருப்பார்கள். அவர்களில் ஒருத்தி அரியலூரிலோ திருவாரூரிலோ பதினேழு வயதில் மாவட்ட விளையாட்டு விடுதியில் தங்கிப் படிக்கிறவளாக இருக்கலாம். அந்தத் தாள் முதலில் யார் கைக்கு வரும்? ஆங்கிலத்தில் இருக்கும் அதை அவளுக்குத் தமிழில் யார் சொல்வார்கள்? வார்டனா, கோச்சா, டிவிக்காரனா? மறுசோதனை கேட்க எத்தனை நாள், அதற்குப் பணம் யார் தருவது, அதுவரை அவள் பெயரை வெளியே விட்டவருக்கு என்ன தண்டனை? விதிப் புத்தகத்தில் நானோமோல் வரைக்கும் துல்லியம் பார்க்கிறவர்கள் இந்தக் கேள்விகளுக்கும் அதே துல்லியத்தில் பதில் எழுதி, நம் ஊர்ச் சங்கங்கள் அதைத் தமிழில் அச்சடித்து அந்த விடுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். சாந்தியே இப்போது பயிற்சியாளர். 2006-ல் நடந்தது எந்த விதிப்படி என்று எழுத்தில் கேட்டுப் பெறும் உரிமை அவருக்கு இன்றும் இருக்கிறது. பதக்கம் இன்னும் திரும்பி வரவில்லை.